சேமிப்புப் பெட்டிக்கு வழி அடைபட்டால்

கூட்டுறவு என்பது நம்பிக்கையின்மேல் எழுந்த கட்டடம். அந்த நம்பிக்கையோ கணக்குப் புத்தகத்தின்மேல் நிற்கிறது. அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் 1904ஆம் ஆண்டில் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிய காலந்தொட்டு, அங்கத்தினர் செலுத்திய பங்குத் தொகை இவ்வளவு, அவர் பெற்ற கடன் இவ்வளவு என்று தேதியிட்டு எழுதி வைத்து, கேட்டபோது எடுத்துக் காட்டுவதே சங்கத்தின் முதற்கடமையாக இருந்து வந்திருக்கிறது.

இன்று அந்தப் புத்தகம் பெரும்பாலும் காகிதத்தில் இல்லை. நாட்டிலுள்ள சுமார் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ரூ. 2,516 கோடி மதிப்பீட்டில் ஒரு திட்டத்திற்கு 2022 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பு, கூலிப் பட்டியல், சிக்கன சேமிப்புக் கணக்கு ஆகியவை கணினியில் ஏறி வருகின்றன. வசதி பெருகியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வசதியோடு புதியதொரு கவலையும் வந்திருக்கிறது. கூலி வழங்கும் நாளன்று காலை குமாஸ்தா கணினியைத் திறக்கிறார். ஏடுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வாசலில் நெசவாளர்கள் காத்து நிற்கின்றனர். கணக்கு அழிந்துவிட்டதோ என்ற திகில் எல்லோரையும் பற்றிக்கொள்கிறது.

அழிந்துபோவது வேறு, எட்டாமற்போவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரிந்த சங்கம் அன்று மாலைக்குள் கூலி வழங்கிவிடும். தெரியாத சங்கம், எட்டாமற்போன கணக்கைத் தன் கையாலேயே அழித்துவிடவும் கூடும். ஆகவே இவ்விஷயத்தை அங்கத்தினர் யாவருக்கும் விளங்கும்படி இங்கே விரித்துரைக்க முற்படுகிறோம்.

சர்வரும் சரக்கறையும்

ஓட்டலில் இலை போட்டுப் பரிமாறுபவரைச் சர்வர் என்கிறோம். கணினி உலகில் சர்வர் செய்வதும் அதே பணிதான். குமாஸ்தாக்களின் கணினிகள் கேட்பதை எடுத்து வந்து கொடுப்பது அதன் வேலை. ஆனால் சிறிது பெரிய அலுவலகங்களில் சரக்கு சர்வரிடமே இருப்பதில்லை. பல ஹார்டு டிஸ்குகள் அடங்கிய தனிப் பெட்டியொன்று சரக்கறையாக வைக்கப்படுகிறது. சர்வரையும் அப்பெட்டியையும் நெட்வொர்க் கேபிளும், இடையே ஸ்விட்ச் என்னும் கிளைப்பெட்டியும் இணைக்கின்றன.

சரக்கறையிலிருந்து சர்வர் பொருளை எடுப்பதற்குப் பொதுவாக மூன்று முறைகள் உண்டு. ஒன்று, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் உருவாக்கிய என்.எஃப்.எஸ். மற்றொன்று, விண்டோஸ் கணினிகள் கையாளும் எஸ்.எம்.பி. இவ்விரண்டிலும் பெட்டியே ஏடுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, கேட்ட ஏட்டை எடுத்துத் தருகிறது. மூன்றாவது ஐ-ஸ்கஸி. இதில் பெட்டி தன்னிடமுள்ள வெற்றிடத்தை அப்படியே சர்வருக்கு விட்டுவிடுகிறது. சர்வர் அதைத் தனக்குள் பொருத்திய டிஸ்காகவே கருதி, தானே அடுக்கி எழுதுகிறது. தம் சங்கத்தில் இம்மூன்றில் எது உள்ளது என்பதைக் காரியதரிசி அறிந்திருத்தல் அவசியம். பழுது வரும்போது செய்யத்தக்கதும் தகாததும் அதைப் பொறுத்தே அமையும்.

முதலில் செய்யத் தகாதவை

மதுராந்தகம் ஏரிப் பாசனத்தை அறிந்த விவசாயிக்கு இதனை விளக்குவது எளிது. கடைமடை வயலுக்கு நீர் வரவில்லையென்றால் அவர் ஏரிக்கரையை வெட்டப் புறப்படுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயல் வாயிலிலிருந்து வாய்க்கால் வழியே மதகு வரை நடந்து பார்க்கிறார். எதுவரை நீர் வந்து நிற்கிறதோ அதற்குக் கீழேதான் அடைப்பு. நெசவாளரும் அவ்வாறே. பாவில் ஓரிழை அறுந்தால் பாவையே அறுத்தெறிவதில்லை. அச்சிலா, விழுதிலா, அதற்கும் பின்னாலா என்று இழையைத் தொடர்ந்து சென்று முடிந்துவிடுகிறார். சர்வர், வழி, பெட்டி என்ற மூன்றுக்கும் இந்த முறையே பொருந்தும்.

ஆகவே முதல் விதி, அழிக்கக்கூடிய எச்செயலிலும் இறங்கலாகாது என்பதே. ஐ-ஸ்கஸி முறையில் வழி கோளாறாகித் திரும்ப இணையும்போது, சில சமயம் விண்டோஸ் அந்த டிஸ்கைப் புதியது என்று மயங்கி, இதனை இனிஷியலைஸ் செய்யலாமா, ஃபார்மட் செய்யலாமா என்று கேட்கும். பதற்றத்தில் இருப்பவர் சரி என்று அழுத்திவிடுவார். அந்த ஓர் அழுத்தத்தில், அதுவரை பத்திரமாக இருந்த கணக்கின் அடுக்குமுறை சிதைந்துவிடும். அவ்வினாவிற்கு விடை வேண்டாம் என்பதே.

இரண்டாவது, ஒரு சர்வருக்கு விடப்பட்ட ஐ-ஸ்கஸி இடத்தை, சோதித்துப் பார்க்கும் பொருட்டு வேறொரு கணினியுடன் அதே நேரத்தில் இணைக்கலாகாது. இரு குமாஸ்தாக்கள் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பேரேட்டில் எழுதினால் என்னவாகுமோ அதுவே ஆகும். மூன்றாவது, பெட்டியிலிருந்து டிஸ்குகளைக் கழற்றி இடம் மாற்றிப் பொருத்தலாகாது. நான்காவது, சர்வர் அசைவற்று நிற்கிறது என்பதற்காக உடனே மின்சாரத்தைத் துண்டிக்கலாகாது. என்.எஃப்.எஸ். முறையில் சாதாரணமாக, பெட்டி பதிலளிக்கும் வரை சர்வர் பொறுமையாகக் காத்திருக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். வழி திறந்ததும் அது விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும். நாம் பழுது என்று எண்ணுவது, கணக்கைக் காக்க அது மேற்கொண்ட காத்திருப்பாகவே இருக்கக்கூடும்.

வழி நெடுக ஆறு வினாக்கள்

முதல் வினா: தடை ஒருவருக்கா, எல்லோருக்குமா? ஒரு கணினிக்கு மட்டும் ஏடு எட்டவில்லை, மற்றவர்களுக்கு எட்டுகிறது என்றால் பழுது அந்தக் கணினியிலோ அதன் கேபிளிலோ உள்ளது. எவருக்குமே எட்டவில்லையென்றால் சர்வர், ஸ்விட்ச், பெட்டி ஆகிய பொது இடங்களில் உள்ளது. இதனோடு, கடைசியாக நன்றாக இருந்தது எப்போது, அதற்குப் பின் எது மாறியது என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். புதிய பிரிண்டர் வந்ததா, கடவுச்சொல் மாற்றப்பட்டதா, இரவில் மின்தடை ஏற்பட்டதா? பாதி வேலை இக்கேள்வியிலேயே முடிந்துவிடுவதுண்டு.

இரண்டாம் வினா: உயிர் இருக்கிறதா? பெட்டியிலும் ஸ்விட்ச்சிலும் கேபிள் செருகும் இடத்தருகே சிறு விளக்கு எரியும். அது எரியாவிடில் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். பிறகு ஸ்விட்ச்சில் வேறு துளையில் செருகிப் பார்க்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது பழுது என்பது தெரியாமற்போகும். விளக்கு எரிந்தும் வேலை ஆமை போல நகர்ந்தால் கேபிளையே ஐயுற வேண்டும். ஜிகாபிட் வேகத்திற்கு அதிலுள்ள நான்கு இணைக் கம்பிகளும் தேவை. 100 மெகாபிட் வேகத்திற்கோ இரண்டு இணைகளே போதும். ஓர் இணை கெட்டால் சில கருவிகள் அறிவிப்பின்றிக் குறைந்த வேகத்திற்கு இறங்கிவிடும்.

மூன்றாம் வினா: முகவரி சரியா? ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.20 என்பது போன்ற எண் முகவரி உண்டு. பிங் என்னும் கட்டளையால் சர்வரிலிருந்து அம்முகவரியை அழைத்துப் பார்க்கலாம். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிடில், பெயரை எண்ணாக மாற்றிச் சொல்லும் ஏற்பாட்டில் பிழை என்று கொள்க. சில நிமிடங்கள் பதில் வந்து, சில நிமிடங்கள் வராமல் விட்டு விட்டுத் தடைப்பட்டால், வேறொரு கருவி அதே முகவரியை எடுத்துக்கொண்டிருக்கலாம். ஒரே தெருவில் இரண்டு வீட்டிற்கு ஒரே கதவிலக்கம் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? புதிதாக வந்த காமிராவும் பிரிண்டருமே பெரும்பாலும் இவ்வாறு குறுக்கிடுபவை. சேமிப்புப் பெட்டிக்கு நிலையான முகவரியை ஒதுக்கி, அதனைத் தானாக வழங்கப்படும் எண்களிலிருந்து விலக்கி வைப்பதே பரிகாரம்.

நான்காம் வினா: கதவு திறந்திருக்கிறதா? முகவரியில் ஆள் இருந்தும் உரிய கதவு சாத்தியிருக்கலாம். என்.எஃப்.எஸ். முறைக்கு 2049ஆம் எண் கதவு, எஸ்.எம்.பி. முறைக்கு 445, ஐ-ஸ்கஸி முறைக்கு 3260. பிங் பதிலளித்து, இக்கதவு மட்டும் திறவாவிடில், இடையிலுள்ள ஃபயர்வால் என்னும் காவல் தடுக்கிறது. அல்லது பெட்டியில் அச்சேவை இயங்கவில்லை. காவலே பிங்கை மட்டும் மறித்துவிடுவதும் உண்டாகையால், பிங் பதிலளிக்காத மாத்திரத்தில் பெட்டி இறந்தது என்று முடிவு கட்டலாகாது.

சிறு செய்திகள் போகின்றன, பெரிய ஏடு மட்டும் நடுவழியில் நிற்கிறது என்ற விசித்திரமும் ஒன்றுண்டு. வழக்கமாக ஒரு பொட்டலம் 1,500 பைட் அளவுக்குட்பட்டே செல்லும். விரைவு கருதிச் சிலர் அதனை 9,000 ஆக உயர்த்துவர். சர்வரிலும் பெட்டியிலும் உயர்த்திவிட்டு ஸ்விட்ச்சில் உயர்த்த மறந்தால், குறுகிய சந்தில் வைக்கோல் வண்டி நுழைந்த கதையாகிவிடும். அளவு வழி நெடுக ஒன்றாயிருத்தல் வேண்டும்.

ஐந்தாம் வினா: அனுமதி உண்டா? எந்தெந்த முகவரிக்கு ஏடு கொடுக்கலாம் என்று பெட்டி ஒரு பட்டியல் வைத்திருக்கும். சர்வரின் முகவரி மாறியிருந்தால் அது அந்நியராகிவிடும். கடவுச்சொல் காலாவதியாகியிருக்கலாம். கடிகாரமும் காரணமாகலாம். விண்டோஸ் டொமைன் முறையில் இரு கருவிகளின் நேரம் ஐந்து நிமிடத்திற்கு மேல் வேறுபட்டால், ஆள்மாறாட்டம் என்று ஐயுற்று அனுமதி மறுக்கப்படும். பழைய பெட்டியாயின் வேறொன்றும் உண்டு. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் நச்சு நிரல் உலகெங்கும் பரவியது, எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பிலிருந்த ஓட்டையே அதற்கு வழியாயிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கணினிகளில் அம்முதற்பதிப்பு வழக்கமாக இடம்பெறுவதில்லை. அம்மொழி ஒன்றையே அறிந்த பழைய பெட்டியுடன் புதிய கணினி பேச மறுப்பது இதனால்தான். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிப்பதே முறை. அடைத்த ஓட்டையைத் திறந்துவிடுவது முறையன்று.

ஆறாம் வினா: இணைந்திருப்பது உண்மையிலேயே பெட்டியோடுதானா? பெட்டியிலுள்ள இடத்தைச் சர்வரின் ஒரு கோப்புறையோடு பொருத்துவதை மௌண்ட் என்பர். பொருத்தம் நழுவினாலும் அந்தக் கோப்புறை வெறுமையாக அங்கேயே இருக்கும். சில சமயம் சர்வரின் மென்பொருள், வெறுமையான அக்கோப்புறையில் புதுக்கணக்கை எழுதத் தொடங்கிவிடும். எல்லாம் நன்றாக நடப்பது போலவே தோன்றும். பிறகு பொருத்தம் மீண்டதும் பழைய கணக்கு வெளிப்பட்டு, இடையில் எழுதியது அதன் அடியில் மறைந்துவிடும். மூன்று நாள் வரவுகள் காணவில்லை என்று கலவரப்படும் இடங்களில், அவை பெரும்பாலும் இவ்வாறு மறைந்து கிடப்பவையே. பொருத்தத்தை விலக்கிப் பார்த்தால் கிடைக்கும். பொருத்தம் இல்லாதபோது எழுதவே முடியாதபடி அந்த வெற்றுக் கோப்புறையைப் பூட்டி வைப்பது நல்ல முன்னெச்சரிக்கை.

இந்த ஆறு வினாக்களையும் கேட்கும்போது, சர்வரும் பெட்டியும் தாமே எழுதி வைக்கும் லாக் என்னும் நாட்குறிப்பைப் படிக்க மறத்தல் கூடாது. மறுக்கப்பட்டது, பதில் இல்லை, இடம் நிரம்பியது என்று அதில் எழுதியிருக்கும் ஒரு வரியே எந்த வினாவில் நிற்கிறோம் என்பதைக் காட்டிவிடும். மறுப்பு என்றால் ஆள் இருக்கிறார், அனுமதி இல்லை என்று பொருள். பதிலே இல்லையென்றால் வழியில் தடை என்று பொருள்.

மின்தடைக்குப் பின்

நம் பக்கத்தில் இப்பழுதுக்கு மிகச் சாதாரணமான காரணம் மின்தடையே. மின்சாரம் திரும்பியதும் எல்லாம் ஒருங்கே எழுகின்றன. சர்வர் சில நிமிடங்களில் எழுந்து பெட்டியைத் தேடுகிறது. பெட்டியோ தன் டிஸ்குகளைச் சரிபார்த்து எழுவதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. தேடிக் காணாத சர்வர், பெட்டியின்றியே வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஆகவே முதலில் ஸ்விட்ச், அடுத்துப் பெட்டி, அது முழுதும் எழுந்த பின்னரே சர்வர் என்ற வரிசையில் இயக்க வேண்டும். நிறுத்தும்போது இதற்கு நேர்மாறாகச் சர்வரை முதலிலும் ஸ்விட்ச்சைக் கடைசியிலும் நிறுத்த வேண்டும். இவ்வரிசையைத் தடித்த எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

கடற்கரைச் சங்கங்களுக்கு

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் என நீளும் நம் கரையோரத்தில் உப்புக்காற்று என்னும் எதிரியும் உண்டு. ஜன்னல் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும் காற்று, கேபிள் முனையிலுள்ள மெல்லிய உலோகத் தகடுகளை விட்டுவைப்பதில்லை. விளக்கு எரிந்தும் அவ்வப்போது இணைப்பு அறுவதற்கு இப்பாசியும் களிம்பும் காரணமாகலாம். கருவிகளைக் கடலை நோக்கிய ஜன்னலருகே வைக்காமல் மூடிய அலமாரியில் வைப்பதும், மாற்றுக் கேபிள்கள் சிலவற்றை உறையில் இட்டு வைத்திருப்பதும் நன்று.

அலுவலகத்திலிருந்து கிடங்கிற்கு வெட்டவெளியில் செப்புக் கேபிள் இழுத்திருந்தால் இடிமின்னல் காலத்தில் அபாயமுண்டு. அருகில் விழும் மின்னலின் தாக்கம் அக்கம்பி வழியே ஸ்விட்ச்சையும் பெட்டியையும் எரித்துவிடக்கூடும். மேலும் செப்புக் கேபிள் ஒரே ஓட்டமாக 100 மீட்டருக்கு மேல் செல்லலாகாது. மின்சாரம் கடத்தாத கண்ணாடியிழைக் கேபிளே கட்டடங்களுக்கிடையில் ஏற்றது.

புயலையும் மறப்பதற்கில்லை. 2022 டிசம்பர் 9ஆம் தேதி நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. எச்சரிக்கை முன்னரே வந்துவிடுகிறது. அப்பொழுது கருவிகளை உரிய வரிசையில் நிறுத்தி, செருகிகளைக் கழற்றி, தரைமட்டத்திலிருந்து உயர்த்தி வைத்தால் மறுநாள் வேலை பாதி குறையும்.

பெட்டி ஒன்று போதாது

பெட்டியில் பல டிஸ்குகள் இருப்பதால் ஒன்று கெட்டாலும் கவலையில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். அது டிஸ்க் கெடுவதற்கு மட்டுமே காப்பு. தீக்கும் வெள்ளத்திற்கும் மனிதத் தவறுக்கும் காப்பன்று. 2025 செப்டம்பர் 26ஆம் தேதி தென் கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில், பாட்டரியிலிருந்து மூண்ட தீயால், அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 858 டெராபைட் சரக்கறை ஒன்று எரிந்துபோயிற்று. அதற்கு வேறிடத்தில் நகல் இருக்கவில்லை.

நகல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பதும் போதாது. 2017 ஜனவரி 31ஆம் தேதி கிட்லேப் என்னும் நிறுவனத்தில், பழுது நீக்கிக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், வேறொரு சர்வர் என்று எண்ணி முதன்மைச் சர்வரின் தரவை அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் எஞ்சியது 4.5 மட்டுமே. நகல்கள் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்து பார்த்தபோது அது காலியாக இருந்தது. நகலெடுக்கும் ஏற்பாடு தோற்றுக்கொண்டிருந்ததை எவரும் கவனிக்கவில்லை. ஆறு மணி நேரத்திற்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு பிரதியே அவர்களைக் காத்தது. இந்நிகழ்ச்சியை அந்நிறுவனமே ஒளிவுமறைவின்றி உலகிற்கு அறிவித்தது.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. கணக்கிற்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். அதற்கும் மேலாக, மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் நகலிலிருந்து ஓர் அங்கத்தினர் கணக்கை மீட்டெடுத்து, அவர் கையிலுள்ள பாஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். விதைநெல்லைக் குதிரில் வைத்தால் போதாது. முளைக்கிறதா என்று ஈரத்துணியில் முடிந்து பார்ப்பதல்லவா நம் வழக்கம்?

நிர்வாகக் குழுவின் கடமை

இவ்வேலைகள் யாவும் தொழில்நுட்பம் அறிந்தவர்க்கே உரியவை, நமக்கென்ன என்று நிர்வாகக் குழுவினர் ஒதுங்கியிருத்தல் தகாது. பழுது நீக்க ஒருவர் வெளியிலிருந்து வரலாம். ஆனால் கணக்கு சங்கத்தின் சொத்து. ஆகவே நோட்டுப் புத்தகம் ஒன்று போட்டு, எந்தக் கருவி எங்கே இருக்கிறது, அதன் முகவரி என்ன, எந்தக் கேபிள் எதனோடு சேர்கிறது, எம்முறையில் பெட்டி இணைந்திருக்கிறது என்பவற்றைப் படத்தோடு எழுதி வைக்கச் செய்யுங்கள். அதனைக் கணினியில் மட்டும் வைத்தால், கணினி திறவாத நாளில் அதுவும் கிட்டாது. கடவுச்சொற்களை உறையிலிட்டு முத்திரை வைத்து, தலைவரின் பொறுப்பில் இரும்புப் பெட்டியில் வைக்கலாம். ஒவ்வொரு பழுதையும், வந்த நேரம், கண்ட அடையாளம், செய்த பரிகாரம் என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். இரண்டாம் முறை அதே பழுது வரும்போது அப்பதிவு ஒரு நாள் வேலையை அரைமணி வேலையாக்கிவிடும்.

கணினி திறவாத நாளிலும் கூலி நிற்கலாகாது என்பதையும் முன்னரே தீர்மானித்து வைக்க வேண்டும். கூலிப் பட்டியலை முதல் நாள் மாலையிலேயே அச்சிட்டுக் கையெழுத்திட்டு வைக்கும் சிறு பழக்கம், மறுநாள் நூறு குடும்பங்களின் அடுப்பை எரிய வைக்கும். பட்டியலில் கண்டபடி பணம் வழங்கி, வழி திறந்த பின் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம்.

அங்கத்தினர்களிடமும் ஒரு வேண்டுகோள். சர்வர் வேலை செய்யவில்லை என்று அலுவலகத்தில் சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள், சினமும் கொள்ளாதீர்கள். கணக்கு எட்டவில்லையா, இல்லையா என்று கேளுங்கள். நகல் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். மகாசபையில் இக்கேள்விகள் எழும் சங்கத்தில் அவற்றிற்கு விடையும் ஆயத்தமாக இருக்கும். ஏரியின் மதகையும் வாய்க்காலையும் ஊரார் கூடிக் காத்ததுபோல், நம் கணக்கிற்குச் செல்லும் வழியையும் நாமே கூடிக் காப்போமாக.